பனிக்காலமும் நம் வீட்டு முதியோரும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

    

வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியன் ஒருவன் பேச எழுந்தால் தேர்ச்சி விகிதத்தைப் பற்றியும் உயர்கல்வியைப் பற்றியும் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். எனக்குப் பின் பேசவிருக்கும் அறிஞர்கள் அவற்றை என்னினும் நன்றாக எடுத்துரைப்பார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. வரும் பனிக்காலத்தில் நம் வீட்டு முதியோரை எவ்வாறு காப்பது என்பதே அது. கல்விக் கழகத்தின் மேடையில் பேசத்தக்க பொருள்தானா இது என்று சிலர் ஐயுறலாம். அந்த ஐயத்திற்கு முதலில் விடை கூறிவிடுகிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இக்கழகம் தொடங்கியபோது இதற்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. லைன் வீடுகளின் ஓரத்தில், ஒரு தகரக் கூரையின் கீழே மாலை வகுப்பு நடந்தது. மின்சாரம் நின்ற நாள்களில் விளக்குக்கு மண்ணெண்ணெய் கொடுத்தவர்கள் யார்? பிள்ளைகள் உட்காரச் சாக்கும் பாயும் கொடுத்தவர்கள் யார்? பகலெல்லாம் தேயிலை பறித்துக் களைத்து வந்த பின்னும், வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருந்து, இருட்டில் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துச் சென்றவர்கள் யார்? அவர்கள்தாம் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் பலருக்குத் தம் பெயரை எழுதத் தெரியாது. நாம் எழுதக் கற்றது அவர்கள் குளிரில் நின்றதனால்தான். ஆகவே, அவர்களுடைய குளிரைப் பற்றிப் பேசுவது கல்விக் கழகத்தின் கடமையே ஆகும்.

அன்பர்களே! தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சமவெளியில் வாழ்வோர்க்கு இக்காலம் இனிமையானது. நம் நீலகிரியிலோ நிலைமை வேறு. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, முதலில் நீர்ப்பனியும் பின்னர் உறைபனியும் இங்கே விழுகின்றன. சனவரி இரவுகளில் வெப்பநிலை 0 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்குவதும், பள்ளங்களில் அதற்கும் கீழே செல்வதும் உண்டு.

மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வேகமாக இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆதலால் அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. இதனால்தான் மேட்டில் உள்ள பங்களாவைவிடப் பள்ளத்தில் ஓடையை ஒட்டிய வீட்டில் குளிர் மிகுதி. நம் குடியிருப்புகள் எங்கே அமைந்துள்ளன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மாலையில் வானம் தெளிந்து நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால், அன்றிரவு வீட்டுப் பெரியவரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஔவையார் கொன்றை வேந்தனில், தை, மாசி மாதங்களில் வைக்கோல் வேய்ந்த வீட்டில் உறங்குமாறு அறிவுறுத்துகிறார். வைக்கோலின் இடையே அடைபட்ட காற்று வெப்பத்தை வெளியே விடாது. இன்று நம் வீடுகளின் மேலே தகரமும் ஆஸ்பெஸ்டாசும். கீழே சிமெண்டுத் தரை. இவை பகலில் பெற்ற வெப்பத்தை இரவின் முதல் யாமத்திலேயே விட்டுவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல்கள், குளிர்காலத்தில் வீட்டினுள் வெப்பநிலை 18 டிகிரி செல்சியசுக்குக் குறையாதிருப்பது நலம் என்றும், முதியோர்க்கு அதனினும் சற்று மிகுதியாகத் தேவைப்படலாம் என்றும் கூறுகின்றன. நம் லைன் வீடுகளில் தை மாத விடியற்காலையில் வெப்பமானி ஒன்றை மாட்டிப் பாருங்கள். அந்த எண்ணுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம் என்பது விளங்கும்.

முதியவரின் உடல் இளையவரின் உடலைப் போன்றதன்று. குளிர்ந்தால் தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்கும்; முதுமையில் தசை குறைந்துவிடுவதால் அந்த நடுக்கமும் குறைகிறது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு மெலிகிறது. குளிரை உணரும் ஆற்றலே மங்குகிறது. நீரிழிவு நோயாளிக்குப் பாதங்களில் உணர்ச்சி குன்றியிருக்கும். தைராய்டுக் குறைவு உடையவர்க்கு உடல் வெப்பமே மெதுவாகத்தான் உண்டாகும். எனவே, நமக்குப் போதுமான போர்வை அவர்களுக்குப் போதாது. நமக்குக் குளிராத அறையிலும் அவர்களுடைய உடல் குளிர்ந்துகொண்டிருக்கலாம்.

உடலின் இயல்பான வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியசு, அதாவது 98.6 டிகிரி பாரன்ஹீட். உட்புற வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. காய்ச்சலைப் பற்றி நாம் அனைவரும் அறிவோம். இந்த எதிர்நிலையைப் பற்றி மிகச் சிலரே அறிவர். நானும் அறியாதவனாகத்தான் இருந்தேன். அதனால் நேர்ந்ததை இந்த அவையில் மறைக்க நான் விரும்பவில்லை.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, தை மாதம். என் தந்தையார் தோட்டத்தில் கவ்வாத்து வேலை செய்து ஓய்ந்தவர். ஒரு நாள் மாலை விறகு சுமந்து வருகையில் ஓடையில் கால் வழுக்கி விழுந்து நனைந்துவிட்டார். நனைந்த வேட்டியை மாற்றாமலே அடுப்பருகே குந்தியிருந்தார். நான் பள்ளியிலிருந்து வந்து, “குளிருதாப்பா?” என்று கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, நீ போய்ச் சாப்பிடு” என்றார். முதலில் நடுங்கிக்கொண்டிருந்தவருக்குச் சிறிது நேரத்தில் நடுக்கம் நின்றது. உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று நான் எண்ணினேன். சற்றுப் பொறுத்து அவருடைய பேச்சுக் குழறியது. என்றோ இறந்துபோன தம் அண்ணனின் பெயரைச் சொல்லி என்னை அழைத்தார். பக்கத்து வீட்டார், “கொஞ்சம் குடிச்சிருப்பாரு, தூங்கினா சரியாயிடும்” என்றனர். நானும் அதை நம்பினேன். பாயை விரித்துப் படுக்க வைத்தேன். விடிந்தபோது அவர் எழவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், பள்ளியில் நடந்த முதலுதவிப் பயிற்சியில் மருத்துவர் ஒருவர் உடல்வெப்பக் குறைவின் அறிகுறிகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினார். நடுக்கம், நடுக்கம் நிற்றல், நாக்குழறல், மனக்குழப்பம், உறக்கம். என் தந்தையாரின் கடைசி இரவையே அவர் எழுதுவதாக எனக்குத் தோன்றியது. பி.ஏ., பி.எட். பட்டங்கள் பெற்றிருந்த எனக்கு அந்த ஐந்து செய்திகள் தெரிந்திருக்கவில்லை. அதனினும் என்னை வருத்துவது வேறொன்று. என் தந்தையார் குடிப்பழக்கம் இல்லாதவர். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பிறர் சொன்னதை நம்பினேன். உழைத்துக் களைத்த நம் பெரியவர் ஒருவர் தடுமாறினால் குடித்திருக்கிறார் என்று ஊரார் சொல்வர். கேட்டுக் கேட்டு நாமும் அப்படியே எண்ணப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் என் தந்தையாருக்குக் கிடைத்திருக்கக்கூடிய உதவியைத் தடுத்துவிட்டது. நம் பெரியவர் ஒருவர் தள்ளாடினால், நா குழறினால், நாம் முதலில் நினைக்க வேண்டியது குளிரையும் நோயையுமே அன்றி மதுவை அன்று.

இனி, செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஆபத்தை அறியும் வழி. கையும் காலும் குளிர்ந்திருப்பது பனிக்காலத்தில் எவர்க்கும் இயல்பு. உடைக்குள் கையை விட்டு வயிற்றையும் மார்பையும் தொட்டுப் பாருங்கள். அவையும் குளிர்ந்திருந்தால் அது எச்சரிக்கை. அதனோடு குழறிய பேச்சோ, குழப்பமோ, வழக்கத்திற்கு மாறான உறக்கமோ சேர்ந்திருந்தால் காலம் தாழ்த்தாமல் 108-ஐ அழையுங்கள். பழைய பாதரச வெப்பமானியின் அளவு 35 டிகிரியிலேயே தொடங்குவதால், அது ஆபத்தைக் காட்டாது. உங்கள் உள்ளங்கையே முதற்கருவி.

ஊர்தி வரும்வரை சும்மா இருக்கலாகாது. ஈர உடையைக் களைந்து உலர்ந்த உடையை உடுத்துங்கள். தலையையும் உடலின் நடுப்பகுதியையும் கம்பளியால் சுற்றுங்கள். அடியிலும் கம்பளியோ சாக்கோ இருக்க வேண்டும். ஏனெனில் தரை மேற்புறக் காற்றைவிட விரைவாக வெப்பத்தை உறிஞ்சும். நல்ல நினைவோடு இருந்து, விழுங்க முடிந்தால், இனிப்பிட்ட வெதுவெதுப்பான பானம் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள். அவ்வாறு தேய்த்தால் அங்குள்ள குளிர்ந்த இரத்தம் இதயத்திற்குத் திரும்பித் தீங்கு செய்யலாம். நெருப்பருகே இழுத்துச் செல்வதும், வெந்நீரில் குளிப்பாட்டுவதும் கூடாது. மதுவோ ஒருபோதும் கூடாது. பிராந்தி ஒரு மடக்கு உள்ளே போனால் சூடு வரும் என்பது தவறான நம்பிக்கை. மது தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால் சூடு போலத் தோன்றுகிறது. உண்மையில் உள்ளே இருந்த வெப்பம் அவ்வழியே வெளியேறிவிடுகிறது.

இரண்டாவது, நெருப்பு. இந்த மலையில் குளிரைவிடக் கொடிய பகைவன் ஒருவன் உண்டு. அவன் கரிச்சட்டியில் வாழ்கிறான். இரவில் கரியை மூட்டி, புகை அடங்கி அனலாகக் கனன்ற பின், சட்டியை அறைக்குள் வைத்துக் கதவையும் சன்னலையும் அடைத்துப் படுக்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. புகை இல்லாததால் தீங்கில்லை என்று எண்ணுகிறோம். கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாகப் பிணைந்துகொள்கிறது. பிறகு மூச்சு விட்டாலும் உடலுக்கு ஆக்சிசன் போதுமான அளவு சேர்வதில்லை. விழித்திருப்பவர்க்குத் தலைவலியும் மயக்கமும் வாந்தியும் வரும். உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துவிடுவர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இவ்வாறு உயிரிழந்தோர் செய்தி வராத பனிக்காலம் அரிது.

ஆகவே ஒரு விதியை உறுதியாகக் கொள்ளுங்கள். உறங்கும் அறைக்குள் கரிச்சட்டி வேண்டாம். குளிர்காய வேண்டுமாயின் திறந்த வெளியிலோ கதவு திறந்த முன்கட்டிலோ காய்ந்துவிட்டு, நெருப்பை வெளியே அணைத்த பின் உள்ளே வந்து படுக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர் கால்களை நெருப்பின் அருகே நீட்டக்கூடாது. சுடுவது தெரியாமல் புண்ணாகிவிடும். மின்கம்பளியோ வெந்நீர்ப் பையோ வாங்கிக் கொடுக்கும் வசதியுள்ளோர், வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கொடுங்கள். பூட்டிய குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் வைத்திருப்போர்க்கும் முன்சொன்ன வாயுவால் அதே ஆபத்து உண்டு.

மூன்றாவது, இதயமும் மூளையும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால் இரத்த அழுத்தம் உயர்கிறது. பனிக்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் மிகுவதற்கு இது முக்கியக் காரணம். மார்கழி விடியலில் நான்கு மணிக்குத் தண்ணீரில் தலைமுழுகிக் கோயிலுக்கோ தேவாலயத்திற்கோ செல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பக்தியை நான் குறைகூறவில்லை. வெயில் ஏறிய பின் வெந்நீரில் குளித்து வழிபட்டால் எந்தக் கடவுளும் கோபிக்க மாட்டார் என்று மட்டும் அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை நாள் தவறாமல் உண்ணச் செய்யுங்கள். 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், இத்தகைய மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து கொடுக்கும் நோக்கத்தோடு ஏற்பட்டது. உங்கள் பெரியவரின் பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள். வாய் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்து விழுந்தாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, மார்பு இறுகி வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதியாதீர்கள்.

இரவில் சிறுநீர் கழிக்க வெளியே செல்வதும் ஓர் ஆபத்தே. வெதுவெதுப்பான படுக்கையிலிருந்து திடீரென எழுந்து பனியில் இறங்கினால் தலை சுற்றும். நனைந்த படியில் கால் வழுக்கும். தொடை எலும்பு முறிந்து படுத்தவர் மீண்டும் எழுவது எளிதன்று. கதவருகே ஒரு விளக்கும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பும், வழுக்காத செருப்பும் இருக்கட்டும். நடக்க முடியாதவர்க்கு ஒரு பாத்திரத்தைக் கட்டிலருகே வைத்து, அதைக் காலையில் முகம் சுளிக்காமல் எடுத்து ஊற்றுங்கள். முகம் சுளித்தால் அடுத்த நாள் மாலையிலிருந்தே அவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். குளிரில் தாகம் தெரியாது. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் மயக்கமும் வரும்.

நான்காவது, உணவும் மூச்சும். உண்ட உணவுதான் உடலுக்குள் எரியும் விறகு. வெறும் தேநீரோடு இரவைக் கழிக்கும் பெரியவர்கள் பலர். சூடான கேழ்வரகுக் கஞ்சி, பருப்பு, முட்டை, இயன்றபோது இறைச்சிச் சாறு ஆகியவற்றை இரவு ஏழு மணிக்குள் கொடுங்கள். சுக்கும் மிளகும் இட்ட காப்பி நல்லது. ஆயினும் அது மருந்துக்கு மாற்றாகாது. முதியோர்க்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் வெளிப்படாமலே இருக்கலாம். வேகமான மூச்சும், உணவு வேண்டாம் என்பதும், திடீர்க் குழப்பமுமே அதன் அடையாளங்களாக அமைந்துவிடும். இன்ஃபுளூயன்சாத் தடுப்பூசி ஆண்டுக்கொரு முறை போட்டுக்கொள்வது முதியோர்க்கு நலம் பயக்கும்; மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் பனி இருமல் என்று விட்டுவிடாமல் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் கட்டணமில்லை.

ஐந்தாவது, உடை. தடித்த ஒரே உடையைவிட மெல்லிய பல உடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதே மேல். அவற்றினிடையே காற்று தங்கி வெப்பத்தைக் காக்கும். தலைக்குக் குல்லாயும் காலுக்கு உறையும் உறங்கும்போதும் தேவை. தரையில் படுப்பவரைக் கட்டிலுக்கு மாற்றுங்கள். கட்டில் இல்லையேல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, அதன்மேல் சாக்கும் பாயும் விரியுங்கள். பகலில் போர்வைகளை வெயிலில் உலர்த்துங்கள்.

பெரியோர்களே! இவையனைத்தும் அறிந்திருந்தும் ஒரு தடை குறுக்கே நிற்கிறது. நம் முதியோர் எதையும் கேட்க மாட்டார்கள். என் தாயாரையே எடுத்துக்கொள்ளுங்கள். தந்தையார் மறைந்த பின், நல்ல கம்பளி ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு மாலையும், “அம்மா, குளிருதா?” என்று கேட்பேன். “இல்லய்யா” என்பார். முதலுதவிப் பயிற்சிக்குப் பின் வந்த பனிக்காலத்தில் ஒரு நாள் நள்ளிரவில் எழுந்து சென்று அவருடைய பாதத்தைத் தொட்டேன். ஓடைக் கல்லைத் தொட்டது போல் இருந்தது. ஒரு பழஞ்சேலையையும் சாக்கையும் போர்த்திப் படுத்திருந்தார். நான் வாங்கிய கம்பளி, தாள்கூடப் பிரிக்காமல் தகரப் பெட்டியில் இருந்தது. கேட்டதற்கு, “பேத்தி கல்யாணத்துக்கு ஆகுமேன்னு வச்சேன்யா” என்றார். நான் எத்தனை மாலை கேட்டேன், அவர் எத்தனை மாலை ‘இல்லை’ என்றார் என்று எண்ணிப் பார்த்தேன். கேட்டது என் மன நிறைவுக்கே உதவியிருக்கிறது. அவருடைய குளிருக்கு உதவவில்லை.

அவர் ஏன் அப்படிப் பழகினார்? நம் தாய்மார்களின் இளமையில், கேட்டால் கிடைத்தது ஏச்சுத்தான். கூலியைக் கூட்டிக் கேட்டால் ஏச்சு. குடிக்கத் தண்ணீர் கேட்டால் எட்ட நிற்கச் சொல்லி ஊற்றினார்கள். மருத்துவமனையில் தம் நோயைச் சொன்னால் தள்ளி நின்று பேசு என்றார்கள். கேளாமல் இருப்பதே மானம் என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை அறுபது, எழுபது ஆண்டுகள் கற்றவரிடம் சென்று, “குளிருதா?” என்று கேட்டால் அவர் என்ன விடை சொல்வார்?

ஆதலால், கேட்பதோடு நில்லாதீர்கள், தொட்டுப் பாருங்கள். தொடுதல் என்பது நம் மக்களுக்குச் சிறிய சொல்லன்று. அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் நம் வீட்டு மூலையில் படுத்திருக்கும் முதியவரைக் கடைசியாக நாம் எப்போது தொட்டோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். படித்து வேலைக்குச் சென்ற பின், அவருடைய கையில் தேயிலைக் கறையும் உடையில் புகை நாற்றமும் இருக்கிறதென்று எட்ட நின்றே நலம் விசாரிப்பவர்களாக நாம் ஆகிவிட்டால், நம்மைப் பிறர் எட்ட நிறுத்தியதைக் குறை கூறும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்?

கம்பளிக் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அறிவுரை கூறியும் என் தாயார் அதைப் போர்த்தவில்லை. என் மகள் தன் பாடப் புத்தகத்தோடு சென்று, “ஆயா, எனக்குக் குளிருது, உங்ககூடப் படுத்துக்கறேன்” என்றாள். உடனே பெட்டி திறந்தது. பேத்திக்காகப் போர்த்திய கம்பளியின் கீழ் அன்று முதல் இருவரும் உறங்கினர். தமக்காகக் கேளாதவர் பிறர்க்காகக் கொடுப்பார். அந்த வழியே சென்றுதான் நம் முதியோரை நாம் காக்க வேண்டியிருக்கிறது.

திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்யும் இளைஞர்கள் இக்கூட்டத்திற்கு வந்திருக்கிறீர்கள். தொலைபேசியில், “நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்டால், “நல்லா இருக்கேன்” என்ற விடைதான் வரும். அதற்கு மாறாக, “இப்ப என்ன சாப்பிட்டே? எங்கே படுத்திருக்கே? மேலே என்ன போர்த்தியிருக்கே? மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கு?” என்று கேளுங்கள். அவருடைய குரல் குழறுகிறதா என்று செவிகொடுங்கள். ஐயம் தோன்றினால் உடனே பக்கத்து வீட்டாரை அழைத்துப் பார்த்துவரச் சொல்லுங்கள். கவனிப்பாரற்ற முதியோர்க்காக 14567 என்னும் உதவி எண்ணும் உண்டு. பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்று 2007-ஆம் ஆண்டின் சட்டமே கூறுகிறது. சட்டம் வந்து நினைவூட்டும் நிலைக்கு நாம் ஆளாகக்கூடாது.

கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வரும் கார்த்திகை முதல் மாசி வரை, நம் மாலை வகுப்பில் ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, தனித்து வாழும் முதியவர் ஒருவரை அவர்களிடம் ஒப்படைப்போம். வாரத்தில் இரண்டு மாலை அவர்கள் சென்று வரட்டும். கையைத் தொட்டுப் பார்த்தல், அடுப்பில் உலை ஏறியதா என்று பார்த்தல், கரிச்சட்டி வெளியே இருக்கிறதா என்று பார்த்தல், மாத்திரையை எண்ணுதல், சற்று நேரம் உட்கார்ந்து பேசுதல் ஆகிய ஐந்துமே அவர்கள் பணி. பார்த்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். கம்பளி வழங்குவதாயின், மேடையில் வரிசையாக நிற்க வைத்துப் படம் பிடித்து வழங்க வேண்டாம். இருட்டிய பின் வீட்டிற்குச் சென்று, விரித்துப் போர்த்திவிட்டு வாருங்கள். வாழ்நாளெல்லாம் வரிசையில் நின்றவர்கள் அவர்கள்.

மாணவச் செல்வங்களே! நம் பெருமகன் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) இளமையை இந்த நீலகிரியில் கழித்தவர், சித்த மருத்துவர், பின்னாளில், 1907-ஆம் ஆண்டு, ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கியவர். நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்த அதே கையால் அவர் பேனாவையும் பிடித்தார். கல்வியும் மருத்துவமும் அவரிடம் ஒன்றாக இருந்தன. நீங்களும் அவ்வழியில் வந்தவர்களே.

பேகன் என்னும் வள்ளல் மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்த செய்தியை நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். மாணவர்கள் சிலர் சிரிப்பார்கள். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று கேட்பார்கள். நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான்: மயில் கேட்கவில்லை, கேட்க அதற்கு வாயில்லை. அது நடுங்குவதாகப் பேகனுக்குத் தோன்றியது, கொடுத்தான். நம் வீட்டு முதியோர்க்கு வாய் உண்டு. ஆயினும் அவர்கள் கேட்க மாட்டார்கள். இன்றிரவு வீடு திரும்பியதும், புத்தகத்தைத் திறக்கும் முன், உங்கள் ஆயாவின் பாதத்தையும் தாத்தாவின் பாதத்தையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.